அமெரிக்காவில் முதல் தேங்க்ஸ்கிவிங்: புதிதாக வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு

ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வந்து இறங்கி, வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஒரு பழைய காரும் வாங்கி மூச்சுவிடுவதற்குள் நவம்பர் வந்துவிடும். கடை வாசலில் பூசணிக்காய் குவிந்து கிடக்கும், ஆபீஸில் ஆளுக்கு ஆள் "தேங்க்ஸ்கிவிங்குக்கு என்ன பண்ணப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள், நமக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது. நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்த முதல் வருடம், நவம்பர் நான்காம் வியாழக்கிழமையில் வரும் அந்த நன்றி நாளை வீட்டுக்குள்ளேயே கழித்தோம். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் வெளியூர்க் கார்கள் நின்றன, எங்கள் வாசலில் எங்கள் கார் மட்டும். அன்று காலை கோயிலில் பூசை இருந்தது என்பதே ஞாயிற்றுக்கிழமை போனபோதுதான் தெரிந்தது.

எங்களை யாரும் ஒதுக்கவில்லை. நாங்கள் இருப்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஊரில் புதுக் குடும்பம் குடிவந்தால் ஒரு மாதத்துக்குள் அன்பியக்காரர்கள் வீடு தேடி வந்து செபமாலை சொல்லி, பெயர் எழுதிக்கொண்டு, காபியும் குடித்துவிட்டுப் போவார்கள். இங்கே நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் நன்றாகவே திறக்கிறார்கள், அது நான் அனுபவித்துச் சொல்வது. அதனால் இந்த வழிகாட்டி வியாழக்கிழமையில் ஆரம்பிக்கவில்லை, அக்டோபர் கடைசியில் ஆரம்பிக்கிறது.

முதலில் பங்கில் பெயர் கொடுங்கள்

உங்கள் வீடு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறது என்று மறைமாவட்டத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். எல்லை தாண்டிய கோயிலுக்குப் போகிறவர்களும் நிறைய பேர், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எதுவானாலும் ஒன்றை முடிவு செய்து, அந்த அலுவலகத்திலோ இணையத்திலோ குடும்பப் பதிவுப் படிவத்தை நிரப்புங்கள். திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் எந்தக் கோயிலில், எந்தத் தேதியில் என்று கேட்பார்கள். ஊரிலிருந்து சான்றிதழ்களின் நகலை வாட்ஸப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைக்குப் புதுநன்மை என்றாலும், நீங்கள் யாருக்காவது ஞானத்தகப்பனாக நிற்பதென்றாலும் இந்தப் பதிவுதான் முதல் கேள்வியாக வரும். பதிவு செய்யாமல் மூன்று வருடம் ஒழுங்காகப் பூசைக்கு வந்த ஒரு தம்பி, ஞானத்தகப்பன் கடிதத்துக்காகக் கடைசி வாரத்தில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு செய்ததும் பல பங்குகளில் உங்கள் எண் அச்சிட்ட காணிக்கை உறைகள் தபாலில் வரும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வரி கேட்கும் நோட்டீஸ் இல்லை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு போடலாம், சில வாரம் ஒன்றும் போடாமலும் விடலாம். எண் எதற்கென்றால், வருட முடிவில் நீங்கள் கொடுத்த மொத்தத்துக்கு ஒரு கடிதம் தருவார்கள். வருமான வரியில் நன்கொடைகளைத் தனித்தனியாகக் கணக்கு காட்டுகிறவர்களுக்கு, ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்திருந்தால் கோயில் எழுதித் தந்த சான்று கட்டாயம் வேண்டும்.

படிவத்தின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். வாசகம் வாசிப்பது, பாடகர் குழு, வரவேற்பு, பீடத்தைச் சுத்தம் செய்வது, உணவு வங்கி. அதில் எதையாவது ஒன்றை டிக் செய்யுங்கள். ஒன்று போதும், ஆனால் ஒன்றாவது வேண்டும். அப்புறம் ஞாயிறு பூசை முடிந்ததும் ஹாலில் காபியும் டோனட்டும் வைத்திருந்தால் காரை நோக்கி ஓடாதீர்கள். இருபது நிமிடம் நில்லுங்கள். முதல் வாரம் ஒருவரும் பேசாமல் போகலாம், இரண்டாம் வாரமும் அப்படியே போகலாம். மூன்றாம் வாரம் ஏதாவது ஒரு பாட்டி வந்து உங்கள் பிள்ளையின் பெயரைக் கேட்பார். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கும்.

பெருநகரங்களைச் சுற்றிச் சில இடங்களில் தமிழ்த் திருப்பலியும் நடக்கிறது. கட்டாயம் போங்கள், தமிழில் பாவசங்கீர்த்தனம் செய்ய முடிவதே பெரிய ஆறுதல். ஆனால் மாதம் ஒரு தமிழ்ப் பூசையை மட்டும் நம்பி உள்ளூர்ப் பங்கை விட்டுவிடாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. உடம்பு முடியாமல் கிடக்கும்போது சூப் கொண்டு வருகிறவர் அறுபது மைல் தள்ளி இருக்க மாட்டார்.

நவம்பர் முதல் வாரம்: புனிதர்களும் நம் இறந்தவர்களும்

நவம்பர் 1, அனைத்துப் புனிதர்கள் பெருவிழா, இங்கே கடன் திருநாள், அதாவது பூசைக்குப் போவது கட்டாயமான நாள். சனி அல்லது திங்களில் வந்தால் மட்டும் கடமை இல்லை. அரசு விடுமுறை கிடையாது என்பதால் பெரும்பாலான கோயில்களில் அதிகாலையும் மாலையும் பூசை வைப்பார்கள், முந்தின நாள் மாலைப் பூசையும் கணக்கில் சேரும். இன்னொன்று, நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். கைபேசி தானாக மாறிவிடும், சமையலறைக் கடிகாரம் மாறாது. அதை நம்பிக் கிளம்பினால் பூட்டிய கோயில் முன்னால் குளிரில் நிற்க வேண்டியிருக்கும்.

நவம்பர் 2 தான் நமக்கு வலிக்கும் நாள். ஊரில் ஒரு வாரம் முன்பே கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, அன்று சாயங்காலம் செவ்வந்தி மாலை போட்டு, காற்றில் அணைகிற மெழுகுவர்த்தியைத் திரும்பத் திரும்பப் பற்றவைத்து, ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு நம் கல்லறைக்கு எப்போது வருவார் என்று காத்திருப்போம். இங்கே நமக்குக் கல்லறை இல்லை. அதற்குப் பதில் என்ன செய்வது?

பல கோயில்களில் நவம்பர் மாதம் முழுவதும் பாஸ்கா திரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நோட்டு திறந்து வைத்திருப்பார்கள். நம் இறந்தவர்களின் பெயரை அதில் எழுதலாம், அந்த மாதப் பூசைகளில் அவர்களுக்காகச் செபிப்பார்கள். நான் முதல் தடவை போனபோது பக்கம் பாதி நிறைந்திருந்தது. அயர்லாந்துப் பெயர்கள், இத்தாலியப் பெயர்கள், ஒரு வியட்நாமியக் குடும்பத்தின் ஏழு பெயர்கள் ஒரே கையெழுத்தில். பேனா நூலில் கட்டியிருந்தது. என் அப்பாயி பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிவிட்டு, அந்த எழுத்துகளில் அது அப்பாயியின் பெயராகவே தெரியவில்லை என்பதால் கீழே தமிழிலும் எழுதினேன். மறுவாரம் போய்ப் பார்த்தால் அதற்குக் கீழே யாரோ மலையாளத்தில் எழுதியிருந்தார்கள். அந்த மலையாளக் கையெழுத்துக்குரிய குடும்பம் இன்று எங்களுக்கு மிக நெருக்கம்.

ஆகவே நோட்டைத் தேடுங்கள், தமிழில் எழுதுங்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் பூசை வைக்க வேண்டுமென்றால் அலுவலகத்தில் கேளுங்கள், காணிக்கை பெரும்பாலும் 10 டாலர். திவச நாளுக்கு வேண்டுமென்றால் பல மாதம் முன்பே சொல்லி வையுங்கள், நாட்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்தால், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் என்கிற வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரண பலன் உண்டு. அது உங்கள் உறவினர் கல்லறையாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் பிள்ளைகளோடு போங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குமுன் வாசலில் உள்ள விதிப் பலகையைப் படித்துவிடுங்கள், பல இடங்களில் திறந்த சுடருக்கு அனுமதி இல்லை.

நடு நவம்பர்: கொடுக்கிற வாரங்கள்

தேங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு கோயில் முகப்பில் பழுப்புக் காகிதப் பைகள் அடுக்கியிருக்கும், மேலே ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். பையை எடுத்துப்போய், பட்டியலில் உள்ளதை வாங்கி நிரப்பி, அடுத்த ஞாயிறு கொண்டுவந்து வைக்க வேண்டும். பல இடங்களில் இதை நடத்துவது நம் ஊர்ப் பங்குகளில் இருக்கிற அதே வின்சென்ட் தே பவுல் சபைதான். 1833இல் பாரீசில் ஓசனாம் என்கிற இளைஞரும் அவர் நண்பர்களும் தொடங்கியது, 1845இல் செயின்ட் லூயிஸ் நகரம் வழியாக அமெரிக்காவுக்கு வந்தது. ஊரில் வின்சென்ட் சபையில் இருந்தவர் என்றால் அதைச் சொல்லுங்கள், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

பையில் என்ன போடுவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். வீட்டில் வேண்டாமென்று கிடப்பதைத் தள்ளிவிடும் இடம் இல்லை இது. டின் என்றால் கையால் இழுத்துத் திறக்கும் மூடி உள்ளதாக வாங்குங்கள், வீடில்லாமல் காரில் படுப்பவரிடம் டின் திறப்பான் இருக்காது. சமையல் எண்ணெய், வேர்க்கடலை வெண்ணெய், அரிசி, குழந்தைகளுக்கான டயப்பர் இவை எப்போதும் தேவைப்படும். பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போய் அவர்கள் கையாலேயே எடுக்க விடுங்கள். நவம்பரில் சில சூப்பர்மார்க்கெட்டுகள் இவ்வளவு டாலருக்கு மேல் சாமான் வாங்கினால் ஒரு வான்கோழி இலவசம் என்று அறிவிக்கும். நமக்கு வேண்டாமென்றால் அதை வாங்கி அப்படியே உணவு வங்கிக்குக் கொடுத்துவிடலாம். உறைந்த வான்கோழியை எந்த நாளில் எடுத்துக்கொள்வார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

தேங்க்ஸ்கிவிங் அன்று சாப்பாடு பரிமாறப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். அன்றைக்கு ஆட்கள் தேவைக்கு மேல் இருப்பார்கள், அக்டோபரிலேயே பெயர்கள் நிறைந்துவிடும். அதற்கு முந்தின சனிக்கிழமை பெட்டி அடுக்கவும், அடுத்த வாரம் ஹாலைக் கழுவவும்தான் ஆள் கிடைக்காது. அங்கே போங்கள். சிறுவர்களோடு சேர்ந்து செய்யும் வேலை என்றால் சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சோதனையும் கட்டாயம், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின ஞாயிறு இரண்டாவது காணிக்கை எடுத்தால் ஆச்சரியப்படாதீர்கள். வறுமையை ஒழிக்கும் திட்டங்களுக்காக நாடு முழுவதும் அந்த வார இறுதியில் எடுப்பது அது.

இந்த நாள் எங்கிருந்து வந்தது

பிள்ளைகள் பள்ளியிலிருந்து காகிதத் தொப்பியோடு வருவார்கள், அதனால் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1621இல் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் வாம்பனோக் மக்களோடு சேர்ந்து அறுவடை விருந்து உண்டார்கள். 1863இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே லிங்கன் நாடு முழுவதற்கும் நன்றி நாளை அறிவித்தார். 1941இல் நாடாளுமன்றம் நவம்பர் நான்காம் வியாழன் என்று சட்டமாக்கியது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் பலருக்கு இது துக்க நாள், 1970 முதல் பிளிமத்திலேயே கூடி அதை நினைவுகூர்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள், நன்றி சொல்வதற்கு அது தடையில்லை.

கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. பிளிமத்துக்கு 56 வருடம் முன்பே, 1565 செப்டம்பர் 8 அன்று, ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்கிற இடத்தில் இறங்கிய ஸ்பானியர்கள் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, அங்கிருந்த திமுக்குவா மக்களோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அதாவது நம் வேளாங்கண்ணித் திருவிழா நாள். எனக்கு இது தெரிய வந்தபோது இந்த நாட்டின் மேல் இருந்த அந்நிய உணர்வு கொஞ்சம் கரைந்தது.

வியாழக்கிழமை காலை

தேங்க்ஸ்கிவிங் கடன் திருநாள் இல்லை, பூசைக்குப் போகாவிட்டால் பாவம் இல்லை. ஆனாலும் போங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காலை எட்டுக்கோ ஒன்பதுக்கோ பெரும்பாலும் ஒரே ஒரு பூசைதான், பங்கு மடலில் நேரம் பாருங்கள். யாரும் கடமைக்காக வருவதில்லை என்பதாலோ என்னவோ, வருடத்தில் மிகச் சந்தோஷமான பூசைகளில் அதுவும் ஒன்றாக இருக்கிறது. கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள், வெளியூரிலிருந்து வந்த தாத்தா பாட்டி, ஒரு வரிசை முழுக்க ஒரே சாயல் முகங்கள். சில கோயில்களில் மக்கள் கையிலேயே உணவுப் பொருள் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். சில இடங்களில் ரொட்டியை மந்திரித்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், நம் ஊர்க் கோயில் வளாகத்தில் பொங்கல் பானையை ஃபாதர் மந்திரிப்பதுபோல.

அமெரிக்கத் திருப்பலிப் புத்தகத்தில் இந்த நாளுக்கென்றே தனி மன்றாட்டுகள் உண்டு. நற்செய்தி பெரும்பாலும் லூக்கா 17, பத்துத் தொழுநோயாளர். அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம், ஆனால் வீட்டைவிட்டு எட்டாயிரம் மைலுக்கு மேல் தள்ளி வந்து உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி காதில் விழுகிறது. பத்துப் பேர் குணமானார்கள். திரும்பி வந்து காலில் விழுந்து நன்றி சொன்னவர் ஒருவர், அவர் சமாரியர், அந்த ஊருக்கு அந்நியர். இந்தக் கோயிலில் யார் அந்நியர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நற்கருணை என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கே நன்றி கூறுதல் என்றுதான் பொருள். "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று குரு சொல்ல "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பதிலை இங்கே "இட் இஸ் ரைட் அண்ட் ஜஸ்ட்" என்பார்கள். ஆங்கிலப் பதில்கள் வாயில் வரவில்லை என்றால் மெதுவாகத் தமிழில் சொல்லுங்கள், தப்பே இல்லை. இருக்கையில் இருக்கும் புத்தகத்தில் பதில்கள் அச்சிட்டிருக்கும், நான்கு வாரத்தில் பழகிவிடும்.

சில சின்ன விஷயங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். "தூயவர்" பாடல் முடிந்ததும் முன்னால் உள்ள முழங்கால் பலகையை இறக்கி மண்டியிடுவார்கள், பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்து இறக்குங்கள். நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர எதுவும் வேண்டாம், ஆகவே கிளம்பும்போது சமையலை ருசி பார்க்காதீர்கள்.

யாராவது சாப்பிட அழைத்தால்

அழைப்பு வருவது ஒரு பதிலில் இருக்கிறது. "தேங்க்ஸ்கிவிங்குக்கு என்ன திட்டம்?" என்று கேட்டால் நாம் கௌரவத்துக்காக "வீட்டிலேயே பண்ணுகிறோம்" என்று மூடிவிடுவோம். அப்படிச் சொன்னால் அவர்கள் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள், கேட்பது மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். "இது எங்களுக்கு முதல் வருடம், இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அழைத்தால் ஒரு தடவையிலேயே சரி என்று சொல்லிவிடுங்கள். மூன்று தடவை வற்புறுத்தட்டும் என்று காத்திருந்தால் இரண்டாம் தடவை வராது.

என்ன கொண்டு வரட்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் கடையில் பை (pie) என்கிற இனிப்புப் பண்டமோ பூங்கொத்தோ வாங்கிப் போங்கள். நம் சமையல் ஏதாவது என்றால் எலுமிச்சைச் சாதம், காரமில்லாத உருளைக்கிழங்கு வறுவல் நன்றாகப் போகும். முந்திரி, வேர்க்கடலை போட்டிருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். இரண்டு மணி என்றால் இரண்டு மணி. அதற்கு முன்னாலும் வேண்டாம், அரை மணி கழித்தும் வேண்டாம். மதியச் சாப்பாடா இராச் சாப்பாடா என்று தெரியாத நேரத்தில்தான் விருந்து நடக்கும், காலையில் லேசாகச் சாப்பிடுங்கள்.

மேசையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் கை வைக்காதீர்கள். கத்தோலிக்க வீடென்றால் சிலுவை அடையாளம் போட்டு, உணவை ஆசீர்வதிக்கக் கேட்கும் சிறு செபத்தை ஒரே மூச்சில் சொல்வார்கள். வேறு சபைக்காரர்கள் வீட்டில் வீட்டுப் பெரியவர் மனதில் வருவதைச் சொல்லிச் செபிப்பார். கைகளைக் கோத்துக்கொள்வது உண்டு. அப்புறம் சுற்றி வந்து ஒவ்வொருவரும் இந்த வருடம் எதற்கு நன்றி சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இதற்கு முந்தின இரவே தயாராகுங்கள், பிள்ளைகளையும் கேட்டு வையுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். எங்கள் சின்னவள் முதல் தடவை, பள்ளிப் பேருந்து ஓட்டுகிற அம்மா தன் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார், அதற்கு நன்றி என்றாள். மேசையே அமைதியாகிவிட்டது. அதன்பிறகு அந்த வீட்டுக்காரர் அவள் பெயரை நான்கு தடவை சொல்லிப் பார்த்துச் சரியாகச் சொன்னார்.

தமிழில் ஒரு செபம் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்கலாம். கூச்சப்படாமல் "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" சொல்லுங்கள். மொழி புரியாவிட்டாலும் எது என்று கண்டுபிடித்து ஆமென் சொல்வார்கள்.

அழைப்பு வரவில்லை என்றால் நீங்களே அழையுங்கள். தனியாக இருக்கிற முதியவர், ஊருக்குப் போக முடியாத மாணவர்கள். அந்த நாட்களில் பல பல்கலைக்கழக உணவுக்கூடங்கள் மூடிவிடும், நம் பிள்ளைகள் அறையில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருப்பார்கள். வளாகத்தில் நியூமன் மையம் என்று கத்தோலிக்க மாணவர் இல்லம் இருந்தால், இரண்டு பேருக்கு எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது என்று அங்கே சொல்லி வையுங்கள்.

வான்கோழி

வீட்டில் செய்வதென்றால் ஆளுக்கு ஒரு பவுண்டு கணக்கு. 12 பவுண்டு உறைந்த பறவை ஃபிரிட்ஜில் உருகவே மூன்று நாள் ஆகும், நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் வீதம். ஆகவே ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஃபிரீசரிலிருந்து எடுத்து, அடியில் தட்டு வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறந்துவிட்டால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும், ஒரு பவுண்டுக்கு அரை மணி நேரம். சமையல் மேடையில் வெளியே வைத்து உருக்கவே கூடாது.

புதன் இரவு உறையைப் பிரித்து, வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கமும் கைவிட்டுப் பாருங்கள், ஈரல், கழுத்து எல்லாம் ஒரு பையில் கட்டி உள்ளே வைத்திருப்பார்கள். நம் வழக்கப்படி குழாயடியில் மஞ்சள் போட்டுக் கழுவ மனம் துடிக்கும், வேண்டாம், அந்தத் தண்ணீர் தெறித்த இடமெல்லாம் கிருமி பரவும். காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். மார்புத் தோலை விரலால் மெதுவாகத் தூக்கினால் பைபோல் விலகும். அந்த இடைவெளியில் வெண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, உப்பு, கொஞ்சம் சோம்புப் பொடி கலந்து உள்ளங்கை போகும் வரை தடவுங்கள். வெளித்தோலுக்கு உப்பு மட்டும் போதும், மிளகாய்த்தூள் தடவினால் மூன்று மணி நேரச் சூட்டில் கருகிவிடும்.

பூசைக்குப் போகும்போது அடுப்பை எரியவிட்டுப் போகாதீர்கள். பத்து மணிக்கு வந்ததும் அடுப்பை 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடேற்றி, பத்தரைக்கு உள்ளே வைத்தால் 12 பவுண்டுக்குச் சுமார் மூன்று மணி நேரம். மார்பு சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். நேரத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். தொடையின் சதை கனமான இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார்த்தால் 165 டிகிரி காட்ட வேண்டும், மார்பிலும் அதே 165. எடுத்ததும் அரை மணி ஆறவிட்டு வெட்டுங்கள்.

அடுப்பிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை எலும்பிலிருந்து பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். பிரியாணி செய்தால் வெந்த கறியைத் தம் போடும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும், முதலிலேயே போட்டால் நாராகிவிடும். எலும்பை மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் அந்தக் குளிருக்கு அப்படி ஒரு சாறு.

வெள்ளியும் ஞாயிறும்

மிச்ச வான்கோழியை வெள்ளிக்கிழமை சாப்பிடலாமா என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். சாப்பிடலாம். தவக்காலம் தவிர்த்த வெள்ளிகளில் புலால் தவிர்ப்பதற்குப் பதிலாக வேறு ஒரு தவமுயற்சியைத் தேர்ந்துகொள்ள அமெரிக்க ஆயர்கள் 1966இல் அனுமதித்தார்கள். கறி சாப்பிட்டால் வேறு ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள் என்பது அதன் பொருள். கடைகளில் தள்ளுபடிக்காக விடியும் முன்னே வரிசை நிற்கும் நாளும் அதுதான். நாங்கள் அன்று கடைக்குப் போவதில்லை என்று முடிவு செய்து வைத்திருக்கிறோம், அதுவே எங்கள் வெள்ளிக்கிழமை ஒறுத்தல். கிழக்குக் கரையில் இருப்பவர்கள் இந்த நீண்ட விடுமுறையில் வாஷிங்டனில் உள்ள அமல உற்பவ மாதா தேசியப் பேராலயத்துக்குப் போய் வரலாம். அங்கே நம் வேளாங்கண்ணி மாதாவுக்குத் தனிச் சிற்றாலயம் இருக்கிறது, சேலை கட்டிய மாதாவைப் பார்த்ததும் என் மனைவி அழுதுவிட்டாள்.

ஞாயிறு வந்தால் பெரும்பாலும் திருவருகைக்காலம் தொடங்கிவிடும். தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 22 அல்லது 23இல் வந்தால் மட்டும் அந்த ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா, திருவருகைக்காலம் அதற்கு அடுத்த வாரம். மூன்று ஊதா, ஒரு ரோஸ் நிற மெழுகுவர்த்திகளை முந்தின வாரமே வாங்கி வையுங்கள், அப்புறம் கிடைக்காது. கோயில் முகப்பில் ஒரு மரம் நிறையக் காகிதச் சீட்டுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் "8 வயதுப் பையன், குளிர் கோட்டு" என்பது மாதிரி எழுதியிருக்கும். உங்கள் பிள்ளையின் வயதுள்ள சீட்டு ஒன்றை எடுத்து, வாங்கி, குறித்த தேதிக்குள் கொண்டுவந்து கொடுங்கள். டிசம்பர் 3 சவேரியார் திருநாள், கோட்டாறு பக்கம் உள்ளவர்கள் ஊருக்கு வீடியோ கால் போடுவீர்கள் என்று தெரியும். டிசம்பர் 8 இந்த நாட்டின் பாதுகாவலியான அமல உற்பவ மாதா திருநாள், கடன் திருநாள், அதை நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. விருந்துக்கு அழைத்தவர்கள் கிளம்பும்போது ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய மிச்சத்தைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அது காருக்குள்ளேயே கிடந்து மறந்துபோகும். சனிக்கிழமை அதை எடுத்துக் கழுவித் துடையுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் இல்லையே, நாலு முறுக்கோ கொஞ்சம் அச்சு முறுக்கோ போட்டு மூடி, ஞாயிறு பூசை முடிந்து காபி ஊற்றும் மேசைக்குப் பக்கத்தில் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.